ஸமீம் நிறுத்தி வைத்த ஆட்டம்

உள்ளறை வாசலில் பச்சை நிறத் திரைச்சீலை ஒன்று தொங்கியது. உள்ளே, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தாள் ஷிபானா. வெளியே, நடையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான் ஹாஷிம். மவுத்தாகிப்போன அவனுடைய அண்ணன், அவன் நானா என்றழைத்த ஸமீமின் மனைவி அவள். இத்தாக் காலம் முடியும்வரை அந்நிய ஆண் எவரும் அவளைப் பார்க்கக் கூடாது. கணவனின் தம்பியும் அந்நியன்தான். குரலுக்கு மட்டும் இடமுண்டு, அதுவும் தேவையிருந்தால்.

அந்தத் தேவை என்னவென்று வெளியே தெரிந்தால் அலவத்துகொட ஊர் முழுவதும் வாய்க்கு வந்தபடி பேசும். அவன் தன் மதினிக்கு ஒரு கொம்பியூட்டர் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எரியும் கோட்டை ஒன்றுக்குள் தனியாக இறங்கிப் போகும் ஒரு மனிதனைப் பற்றிய விளையாட்டு அது. அவனுக்கு ஒரே உயிர். விழுந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். முதல் அறையில் வெறுங்கையோடு எழும்ப வேண்டும். வந்த வழியை நினைவில் வைத்தும் பயனில்லை, அறைகள் இடம் மாறியிருக்கும். ஸமீம் அதை வருஷக்கணக்காக விளையாடினான். கோட்டையின் கடைசிக் கதவை ஒருமுறைகூட அவன் தாண்டியதில்லை. மாத்தளை வீதியில் லொறி மோதிய அன்று காலை, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, "கடைசிக் கதவுக்கிட்ட வந்துட்டன். வந்து முடிக்கிறன்" என்று ஷிபானாவிடம் சொல்லித்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அந்த ஆட்டம் இன்னும் லெப்டொப்பில் அப்படியே நின்றது. லெப்டொப் அவன் வேலை செய்த அலுவலகத்துக்குச் சொந்தம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஆள் வந்து எடுத்துப்போகும், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தகவல் வந்திருந்தது. சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த ஷிபானா அன்றுதான் வாய் திறந்தாள்.

"அவங்கட ஆட்டத்த நான் முடிக்கணும் மாமி."

ரபீகா உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகள் பேசியதே போதுமென்று, தானே அறைக்குள் கட்டிலில் தஸ்பீஹ் மணிமாலையுடன் காவலிருந்து, இளைய மகனைத் திரைச்சீலைக்கு வெளியே உட்காரவைத்தாள்.

அவள் பழகித் தேறும்வரை ஸமீமின் ஆட்டத்தைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசாமலே தீர்மானித்திருந்தார்கள். பழகுவதற்காக அவள் தனக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். ஹாஷிமால் எதையும் பார்க்க முடியாது. அவள் சொல்ல வேண்டும், அவன் கேட்டு வழிகாட்ட வேண்டும்.

"என்ன தெரியுது மதினி?"

"ஒருத்தன் நிக்கிறான். கைல கோடாலி."

"உடனே அடிக்கப் போகாதீங்க. அவன்ட தோளப் பாருங்க. தோள் எழும்பினா அடி வருது."

"எழும்பிட்டு."

"அவன் பக்கமாவே உருளுங்க. பின்னுக்கு ஓடினா கோடாலி எட்டும். கிட்டப் போனா எட்டாது."

விசைகள் சடசடத்தன. பிறகு அமைதி.

"செத்துட்டன்."

"இந்த ஊட்டுல அந்தச் சொல்ல எடுக்காதீங்க புள்ள" என்றாள் ரபீகா உம்மா.

அதன் பிறகு ஷிபானா அதைச் சொல்வதில்லை. விசைச் சத்தம் நின்றுபோனால் ஹாஷிமும் பேசாமல் காத்திருப்பான். கூரையில் மழை பெய்யும், ஓயும். சில நாட்களில் அந்த அமைதி பின்னேர அஸர் பாங்கு வரைக்கும் நீண்டுவிடும். அவளுக்கு அது தேவைப்பட்டது என்று அவன் நினைத்தான். தனக்கும் அது தேவைப்பட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"பெட்டியக் கண்ட உடனே தொறக்காதீங்க" என்று ஒருநாள் சொன்னான். "செவப்பா மினுங்கினா அதுக்குள்ள சாபம் ஈக்கு. பெரிய ஆயுதம் தரும், மருந்துக் குப்பி எல்லாத்தையும் பறிச்சிடும்."

"அப்ப என்னத்துக்கு வச்சீக்கிறாங்க?"

"ஆசப்படுறதுக்குத்தான்."

"துனியாட வாழ்க்கையப் போலத்தான் செஞ்சீக்கிறான்" என்றது கட்டில் பக்கத்துக் குரல்.

இன்னொரு நாள், "மருந்தப் பாதி உயிர் ஈக்கக்குள்ளயே குடிக்காதீங்க. ஆயுதத்த மாத்தி மாத்தித் தூக்காதீங்க, ஒண்டும் கைக்குப் படியாது. சின்ன வாள் ஒண்டையே பழகுங்க" என்றான்.

"இதெல்லாம் ஆரு சொல்லித் தந்த?"

"நானாதான். நான் அவசரப்பட்டு விழக்குள்ள, 'ஒனக்குக் கோட்ட சரிவராதுடா, போய்க் கோழிக்கூட்டுல வெளயாடு' எண்டுவார்."

உள்ளே அவள் சிரித்தாளா, மூச்சை இழுத்தாளா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

அவள் மெல்ல மெல்லத் தேறினாள். கோடாலிக்காரர்கள் பழகிப்போனார்கள். சிவப்புப் பெட்டிகளைக் கடந்து போகவும் பழகினாள். வியாழக்கிழமை கோட்டையின் அடித்தளம் வரைக்கும் இறங்கிவிட்டாள். இனி முடியும் என்று ஹாஷிமுக்கும் தோன்றியது. நம்பிக்கை என்பது கூரைக் கசிவு மாதிரி. எந்த இடத்தால் உள்ளே வருகிறதென்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஒரு பென் டிரைவோடு வந்து உட்கார்ந்தான்.

"மதினி, இதுல பதிஞ்சி வச்சா நானாட ஆட்டம் அப்படியே ஈக்கும். தோத்தாலும் திரும்ப எடுக்கலாம். விருப்பமில்லாட்டி தொடாமலே வச்சிக்கலாம்."

கீழே வீதியில் மாத்தளை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது.

"தொடாமலே வச்சிக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோதுதான், தானும் அதற்காகவே வாங்கி வந்திருக்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

தஸ்பீஹ் மணிகளின் சத்தம் நின்றது.

"மய்யத்த வச்சிட்டு ஈக்கப்படாது" என்றாள் ரபீகா உம்மா. "கட்டார்ல ஈக்கிற வாப்பா வரமட்டும் கூட எங்கட புள்ளய நாங்க வச்சிக்கல்ல. அண்டைக்கே அடக்கினோம். இத மட்டும் என்னத்துக்கு வச்சிக்கிற?"

ஹாஷிம் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"பிஸ்மில்லாஹ்" என்று உள்ளே மெல்லக் கேட்டது. ஸமீமின் ஆட்டத்தைத் திறக்க ஒரு விசை மட்டும் தட்டப்பட்டது.

"என்ன தெரியுது?"

"பெரிய இரும்புக் கதவு. அவங்க சொன்னதுதான்."

"கைல வாள் ஈக்கா?"

"வாள் இல்ல." அவள் தயங்கினாள். "சம்மட்டி மாதிரி ஒண்டு. பிடி செவப்பா மினுங்குது."

ஹாஷிம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மய்யத்தைப் போர்த்திய கஃபன் துணியை விலக்கிப் பார்க்கத் தயங்குவதைப் போல, அந்த ஆட்டத்தை அவர்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. அதற்குள் இருப்பவனின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. அந்தச் சம்மட்டி சிவப்புப் பெட்டிக்குள்தான் கிடைக்கும்.

"மருந்துக் குப்பி?"

"எல்லாம் காலி."

"உயிர்?"

"நூல் மாதிரி ஒரு கோடு."

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நானா, கடைசிக் கதவருகே வந்து, நேற்று விளையாடத் தொடங்கியவனைப் போலப் பெட்டியைத் திறந்திருக்கிறார். எத்தனை வருஷம் பொறுத்தாரோ. ஹாஷிம் சொல்லிக் கொடுத்த எதுவும் இனி உதவாது.

"திரும்பிப் போய் மருந்து தேட ஏலாதா தம்பி?"

"ஏலாது மதினி. முன்னுக்கு மட்டும்தான் போகலாம்."

"தோத்துப்போகும் எண்டு தெரிஞ்சிதான் அவங்க நிப்பாட்டீக்கிறாங்க. என்ன?"

அவன் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் அடி ஓரம் காற்றில் அசைந்து ஓய்ந்தது.

"ஓ, தெரிஞ்சிதான்" என்றான்.

"எனக்கிட்ட 'வந்து முடிக்கிறன்' எண்டாங்க."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாடம் கேட்கும் குரலில் கேட்டாள். "இதோட எப்படி உருளுற?"

"உருள ஏலாது. பாரம். கதவத் தொறந்தா வாறவன்ட தோளப் பாருங்க. ஒரு அடி அடிக்கலாம். அவ்வளவுதான் நேரம் ஈக்கும்."

இரும்பு இழுபடும் ஓசை கேட்டது. ஏதோ உறுமியது. விசைச் சத்தமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு தட்டு. சம்மட்டி எதன்மீதோ கனமாக விழுந்தது. உடனேயே இசை அறுந்தது. அதற்குப் பின் தண்ணீர் சொட்டும் சத்தம். முதல் அறையின் சத்தம்.

"முடிஞ்சா?" என்று ரபீகா உம்மா கேட்டாள்.

"முடிஞ்சி மாமி."

"இன்னா லில்லாஹி" என்று, மவுத்துச் செய்தி கேட்டால் ஓதுவதை அவள் தாழ்ந்த குரலில் ஓதினாள்.

"அடி பட்டிச்சி தம்பி" என்றாள் ஷிபானா. "அந்தக் கதவுக்காரனுக்கு நல்லாப் பட்டிச்சி. ஆனா விழல்ல."

சற்றுப் பொறுத்து ரபீகா உம்மாவின் கை திரைச்சீலைக்கு அடியால் லெப்டொப்பை வெளியே தள்ளியது. ஹாஷிம் அதை எடுத்து மடியில் வைத்தான். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்ததை இப்போதுதான் கண்ணால் பார்த்தான். கற்சுவர் வைத்த சிறிய அறை. அதன் நடுவே ஒரு மனிதன் வெறுங்கையோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். யாராவது ஒரு விசையைத் தொட்டால் நடக்கத் தொடங்குவான்.

ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஹாஷிம் எதையும் தொடாமல், மூடியை மூடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தான்.