நாற்பதாம் படி

நாற்பதாம் படியில் பொன்னுரங்கம் உட்கார்ந்துவிட்டான்.

"மேல வராதேன்னு முருகன் சொல்லிட்டாரு, அக்கா."

குன்றத்தூர் மலையின் எண்பத்து நான்கு படிகளையும் நாள்தோறும் வாய்விட்டு எண்ணியபடியே ஏறி, உச்சியில் சுண்டல் வாங்கித் தின்கிறவன் அவன். அடங்கிக் கிடந்த குரல்கள் தம்பியின் காதில் மீண்டும் எழுந்தனவோ என்று சுபத்ரா அஞ்சினாள். அவள் கை பழக்கத்தால் பைக்குள்ளிருந்த மனநோய் மாத்திரையைத் தேடியது. தேடிய கை நின்றது. இருபது ஆண்டுகளாக அக்குரல்களை அவன் வாய்வழியே கேட்டு வருபவள் அவள். எழு, ஓடு, கதவைத் திற என்று ஏவுமேயன்றி, உட்கார் என்று அவை ஒருநாளும் பணித்ததில்லை.

காலை இளங்காற்றிலும் அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இடக்கை தாடையைப் பற்றியிருந்தது.

"எங்கடா வலிக்குது?"

"வலிக்கல. நெஞ்சுல கால வச்சு நிக்கிறாரு."

பூ விற்கும் அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா சுபத்ராம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா? துன்னூறு பூசி வூட்டுக்கு இட்டுகினு போ, சரியாப் பூடும்."

"இது அது இல்லக்கா. ஓடிப் போயி ஒரு ஆட்டோவ நிறுத்து!"

ஆட்டோ தாம்பரம் மருத்துவமனைக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர் லாரிகள். மடியிலிருந்த பையை சுபத்ரா இறுக்கிப் பிடித்திருந்தாள். அதனுள் தம்பியின் மனநோய்க் கோப்பு. சென்ற ஆண்டு காற்புண்ணோடு வேறொரு மருத்துவமனைக்குச் சென்றபோது, அக்கோப்பின் முதற்பக்கத்தைப் படித்தவர்கள் காலைப் பார்க்காமலேயே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவன் வலக்காலின் சுண்டுவிரல் இன்று இல்லை.

அவசரப் பிரிவில் செவிலி கேட்டாள்: "வேற என்ன நோய் இருக்கு?"

"சுகர்."

"வேற மாத்திரை?"

சுபத்ரா பையை மார்போடு அணைத்தாள். சொன்னால் நெஞ்சைப் பார்க்கமாட்டார்கள். சொல்லாமல் விட்டு, அந்த மாத்திரைக்கு ஒவ்வாத மருந்தை ஏற்றிவிட்டால்?

"சொல்றேம்மா. மொதல்ல ஈசிஜி எடுங்க."

"என்ன முணுமுணுக்கிறாரு?"

"சாமி பேரு."

காகிதச் சுருள் நீண்டது. மருத்துவர் ஜெரூஷா அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "ஹார்ட் அட்டாக். அடைப்ப உடனே திறக்கணும். மூணாவது மாடிக்குக் கொண்டு போங்க!"

அக்கணமே சுபத்ரா கோப்பை மேசைமேல் விரித்தாள். "மருந்து ஏத்துறதுக்கு முன்னால இதையும் பாருங்க டாக்டர்."

"இத ஏன் மறைச்சீங்க? எவ்வளவு ஆபத்து தெரியுமா?"

"போன வருஷம் மறைக்கல. அவன் கால பாருங்க."

ஜெரூஷா பார்த்தாள். மாத்திரைப் பட்டியலை வேகமாகப் படித்துவிட்டு, சீட்டில் எழுதியிருந்த ஊசிமருந்துகளில் ஒன்றைக் கோடிட்டு நீக்கினாள்.

மின்தூக்கியின் வாயிலில் பொன்னுரங்கம் தள்ளுபடுக்கையிலிருந்து எழுந்து கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டான். "மேல வரமாட்டேன். வேணாம்னு சொல்லியிருக்காரு!"

"கையக் கட்டிடலாமா மேடம்?" என்றாள் செவிலி.

"தொடாதீங்க!" சுபத்ரா குனிந்தாள். முருகன் வரச் சொல்லிவிட்டார் என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆயினும் பொய் சொல்லாதவளின் கை என்றுதானே இத்தனை ஆண்டுகளாக அவள் தரும் மாத்திரையை அவன் விழுங்கிவருகிறான்?

"ரங்கா, எந்தப் படியில விட்ட?"

"நாப்பது."

"இன்னிக்கு நீ ஏற வேணாம். படுத்துக்க, நாங்க தூக்கிட்டுப் போறோம். நீ எண்ணு."

அவன் அவள் முகத்தையே பார்த்திருந்தான். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "நாப்பத்தொண்ணு," என்றான்.

மூன்றாம் மாடியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். சுபத்ரா கதவில் காதை வைத்து நின்றாள். அறுபத்தெட்டு கேட்டது. அறுபத்தொன்பது கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஜெரூஷா வெளியே வந்தாள்.

"அடைப்பு திறந்தாச்சு. எண்பத்து நாலு முடிச்சிட்டாராம். சுண்டல் எங்கேன்னு கேக்குறாரு."

சுபத்ரா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அவள் மடியில் மருத்துவர் அந்தக் கோப்பைத் திருப்பி வைத்தாள். ஈசிஜி காகிதம் எல்லாவற்றுக்கும் மேலே, முதற்பக்கமாகக் குத்தப்பட்டிருந்தது.