கற்றாழை வேலியில் விழுந்த சந்து

குத்திங் மலையில் பெய்த பனியில் மாட்டுப் பட்டியைச் சுற்றியிருந்த கற்றாழைப் புதர்வேலி ஓரிடத்தில் கருகி, சந்து விழுந்துவிட்டது. ஒடித்த தண்டுகளை நட்டு அதை அடைக்க வந்தாள் மசெலிசோ. மண்ணைக் கிளறிவிட்டு நிமிர்ந்தபோது, நடை பழகும் மகன் செலிசோ பட்டிக்குள் இருந்தான். மேய்ச்சலுக்கு விடாமல் நிறுத்தியிருந்த செவலைக் காளையின் முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

“அம்மா! பிள்ளை உள்ள போயிட்டான்!”

மாமியார் ஓடி வந்தாள். “நீ காலை வைக்காதே! மருமக பட்டிய மிதிச்சா மாட்டுக்கு ஆகாதுடி.”

“அப்ப நீங்க போங்க!”

“நானும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவதானே? உன் மாமனாரைக் கூப்பிடு.”

“பீர் குடிக்கப் போனவர் பொழுது சாயாம வருவாரா?”

காளை தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணை வாரியது. செலிசோ சிரித்தான்.

மாமியார் காளையைப் பார்த்தாள். சட்டென்று தோளில் போர்த்தியிருந்த போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “எனக்குக் கண்ணு தெரியலை. நான் எதையும் பாக்கலை. ஓடுடி!”

தண்டுகள் ஒடிய மசெலிசோ உள்ளே பாய்ந்தாள். பிள்ளையை வாரிக்கொண்டு திரும்பும்போது காளையின் மூச்சு முதுகில் சுட்டது. எப்படி வெளியே வந்து விழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“வந்துட்டானா?” என்றது போர்வைக்குள்ளிருந்த குரல்.

“வந்துட்டான்மா.”

“தானாவே வந்தானா?”

மசெலிசோ பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். “ஆமாம்மா. தானாவேதான்.”

“அப்ப சீக்கிரம் தண்டை நடு. வெளியே நின்னே ஒரு கழியால உன் காலடியை நான் அழிச்சிடறேன்.”