பயிற்சியின் நான்காம் நாள்

இந்தக் கல்வியாண்டில் இது எனக்கு ஆறாவது பயிற்சி. தலைப்பு மட்டும்தான் மாறும். பிளாஸ்டிக் நாற்காலியும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் மாறாது. இந்த முறை ‘தனித்தேவை உள்ள மாணவர்களுக்குக் கற்பித்தல்’, ஐந்து நாள். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை மெஷினில் கைரேகை வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஐந்து நாளும் கணக்கில் வராது. அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும், கூடவே விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

என் மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள் என்பதால் நான் வைத்த பெயர் ஜன்னலம்மா. முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பேரைக் கேட்டால்கூட வராது. மக்கு என்று போன வருஷத்து டீச்சர் முடிவு கட்டிவிட்டார். நானும் நான்கு மாதம் கெஞ்சியும் அதட்டியும் பார்த்தேன். ஒரு நாள் சலித்துப்போய், கரும்பலகையில் எழுதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “ஆறும் ஏழும் எவ்வளவும்மா?” என்றேன். பின்னாலிருந்து “பதிமூணு” என்று புதுக் குரல். திரும்பினால் அவள்! அன்றிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவளுக்குப் பாடம் நடத்துகிறேன். வாசிக்கிறாள், கணக்குச் சொல்கிறாள், என் எழுத்துப்பிழையைக்கூட விட்டுவைப்பதில்லை.

அவள் எங்கள் பள்ளியிலேயே தொடரலாமா, சிறப்புப் பள்ளிக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட கமிட்டி, பயிற்சி முடிந்து அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சிறப்புப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை; எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தாக வேண்டும். கொண்டுபோய் விட வேறு ஆளில்லை. அங்கே மாற்றினால் பிள்ளை வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் அந்த அம்மாவிடம், “பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்” என்று சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, டீ இடைவேளையில் தலைமையாசிரியர் போன் செய்தார்.

“டீச்சர், அந்தக் கமிட்டி இன்னைக்கே மூணு மணிக்கு வருதாம். இன்னைக்குத்தான் அவங்களுக்கு வண்டி கெடைச்சிருக்கு.”

“சார், நான் இங்க மாட்டிக்கிட்டு இருக்கேனே!”

“அதுக்கு நான் என்ன பண்றது? பொண்ணோட அம்மாவுக்குச் சொல்லியாச்சு, லீவு போட்டுட்டு வந்துருவாங்க.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க சார். கேள்வி கேக்கும்போது அவங்கள அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் கேக்கச் சொல்லுங்க. பொண்ணு டக்டக்னு சொல்லிடுவா.”



“ஏம்மா, வந்திருக்குற ஆபீசரைப் பார்த்து, முதுகைக் காட்டுங்கன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? நான் ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு.”

போனை வைத்துவிட்டார்.

பயிற்றுநரிடம் ஓடினேன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கையில் ரிமோட், சட்டையில் மைக், முகத்தில் கழற்றவே கழற்றாத ஒரு சிரிப்பு.

“சார், ரெண்டு மணிக்கு என்னை விட்டுடுங்க. நாளைக்கு எவ்வளவு நேரம்னாலும் கூட இருக்கேன். என் கிளாஸ் பொண்ணு விஷயம். இந்தப் பயிற்சியே அவளை மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தானே?”

“உங்க அக்கறை எனக்குப் புரியுது மேடம். மெஷினுக்குப் புரியாதே. லெட்டர் எழுதி ஒருங்கிணைப்பாளர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

“அவர் எங்க சார்?”

“வேற ஒரு பயிற்சிக்குப் போயிருக்கார்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, பேசாம உக்காருங்க. போன வருஷம் நான் வீம்புக்குக் கிளம்பிப் போயி, மெமோவுக்குப் பதில் எழுதியே கை தேஞ்சுபோச்சு.”

உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. பையை எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். மெமோவுக்குப் பயந்தேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

மூன்று மணிக்கு நடிப்புப் பயிற்சி. ஒருவர் ஆசிரியர், ஒருவர் தனித்தேவை உள்ள குழந்தை. சீட்டுக் குலுக்கியதில் குழந்தை நான். கணக்கு டீச்சர் என் எதிரே குனிந்து, “உன் பேர் என்னம்மா?” என்றாள். எனக்கு எங்கள் பள்ளி ஆபீஸ் அறை மனதில் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று முகம், இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. நான் வாய் திறக்கவில்லை. கணக்கு டீச்சர் மறுபடி கேட்டாள். மிட்டாய் நீட்டினாள். நான் நடிக்கவில்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை.

“மேடம், கொஞ்சம் ஒத்துழைங்க,” என்றார் பயிற்றுநர் மைக்கில். “மூணாவது கேள்விக்குக் குழந்தை சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லணும். கையேட்டுல அப்படித்தான் இருக்கு.”

நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தக் கையேட்டை அவர் தலையிலேயே போடலாமா என்று ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கையேட்டில் இருந்தபடியே சிரித்துப் பதில் சொன்னேன். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நாலரைக்கு ரேகை வைத்தேன். கை வியர்த்திருந்ததால் மெஷின் இரண்டு தடவை ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து, வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க, மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். வராந்தா பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஜன்னலம்மா தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையில் ஒரு காகிதம். ‘எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

“ஒரு வார்த்தை பேசல டீச்சர். அவங்க எழுந்து வண்டிகிட்ட நடந்தாங்க பாருங்க, அப்புறம் சொல்றா! பேரு, கிளாஸு, கேட்ட கணக்கு, எல்லாத்தையும் வரிசையா. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். எழுதியாச்சும்மான்னுட்டாங்க.”

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கு ஏதோ அவசர வேலை போல.”

“பயிற்சிங்க. விட மாட்டேன்னுட்டாங்க.”

“என்ன பயிற்சி டீச்சர்?”

நான் சட்டென்று குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டேன்.

“கம்ப்யூட்டர் பயிற்சி,” என்றேன்.