நூல் மேல் நடந்த சாரக்காரன்

மூன்றாம் மாடி உயரத்தில் சாரக் கம்புக்கு முடிச்சுப் போடக் குனிந்து நிமிர்ந்த சாரக்காரனுக்குத் தலை கிறுகிறுத்தது. கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஸ்திரி அன்றே கீழே இறக்கி மணல் சலிக்க விட்டார். இருபது வருஷம் உயரத்தில் நின்றவன் சல்லடைக்குப் பின்னால் நிற்க, வேலையிடமே வேடிக்கை பார்த்தது.

அதே இடத்தில் செங்கல் சுமக்கும் அவன் மனைவி சுக்குக் கஷாயம் போட்டாள். "சாப்புட்டுட்டுத்தான் குடிக்கணும். வெறும் வயித்துல குடிச்சா கொடலு வெந்துடும்."

குடித்த மறுநாளே மேஸ்திரி முன்னால் போய் நின்றான். "சரியாப் போச்சுண்ணே. மேல ஏறட்டுமா?"

"உன் வாயி சொன்னா போதுமா? நூல் புடிச்ச மாதிரி நடந்து காட்டு."

மேஸ்திரி பேச்சுக்குச் சொல்லவில்லை. சுண்ணாம்பு தோய்த்த நூலைத் தரையில் இழுத்து அடித்தார். முப்பதடி வெள்ளைக் கோடு. பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்து அதன்மேல் போய்வர வேண்டும், ஆறு நாள்.

மனைவியின் தம்பி அங்கேயே பெயின்டர். அவன் சும்மா இருப்பானா? "மாமா, கஷாயம் இல்லாமலும் நடந்து பாத்தாத்தானே அது கஷாயத்தோட வேலையான்னு தெரியும்? அக்கா, மூணு நாள் சுக்கைப் போடாத. காரத்துக்கு மிளகு போடு. எந்த நாளுன்னு யாருக்கும் சொல்லாத."

"உன் வாயில பெயின்ட்டை ஊத்த!" என்றான் சாரக்காரன். மேஸ்திரிக்கு யோசனை பிடித்துவிட்டது.

ஆறு நாளும் கோடு பிசகாமல் நடந்தான். ஏழாம் நாள் காலை, சாப்பாட்டுக்கு முன்பே, வேலையிடத்தில் அவள் சொன்னாள்: "மொதல் மூணு நாளும் மிளகுதான்."

சாரக்காரன் முகம் செத்துப்போனது. "அப்ப நான் எதுல நின்னேன்?"

"சோத்துல நின்ன! தலை சுத்துன அன்னைக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டைச் சட்டைப் பையிலயே வச்சுத் துவைக்கப் போட்டியே. 'காலைல சாப்பிடாம வேலைக்குப் போகாதே'ன்னு எழுதியிருந்துச்சு. வீட்டுல வந்து 'கோளாறு ஒண்ணுமில்ல'ன்னு பாதிதானே சொன்ன?"

அவன் தலை குனிந்தது. வயிறு கனத்தால் நிற்கும் சாரப் பலகை வளையும் என்பது சாரக்காரர்களின் பழைய நம்பிக்கை. இருபது வருஷமாக அவனுக்குக் காலைச் சாப்பாடு ஒரு டீதான்.

"நேராச் சொன்னா கேட்டிருப்பியா? மருந்துன்னதும் ரெண்டு தட்டு உள்ள போச்சு."

பெயின்டர் விடவில்லை. "அக்கா, சோறுதான்னு மட்டும் எப்படி நம்புறது? இன்னைக்கு மாமா இன்னும் எதுவும் சாப்பிடல. அசல் சுக்கை மட்டும் குடிச்சிட்டு நடக்கட்டும்."

"கொடலு?" என்றான் சாரக்காரன்.

"அது உன்னைச் சாப்பிட வைக்கச் சொன்னது. ஒண்ணும் வேகாது."

கெட்டியாகப் போட்ட கஷாயத்தைக் குடித்துவிட்டுப் பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்தான். பாதிக் கோட்டில் இடது கால் வெளியே போனது. அடுத்த அடி மணல் குவியலில். மைத்துனன் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"சுக்கு சளிக்கு நல்லதுதான்" என்று கஷாயத்துக்காகப் பரிந்து பேசினாள் அவள்.

மேஸ்திரி கோட்டைக் காலால் அழித்தார். "மொதல்ல சாப்புடு. நாளைக்கு முதல் மாடி வரைக்கும். சேஃப்டி பெல்ட்டு போட்டுக்கிட்டு."

மறுநாள் ஏணியடியில், சாப்பிட்டதற்குச் சாட்சி கேட்டு மேஸ்திரி கையை நீட்டினார். சாரக்காரன் டிபன் பாக்ஸைத் திறந்து கவிழ்த்துக் காட்டினான். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"ஏறு" என்றார்.

நாலு படி ஏறியதும் மேலிருந்து ஒரு பெரிய ஏப்பம் கேட்டது. பெயின்டர் கீழிருந்து கத்தினான்: "மாமா, பலகை வளையுதா?"

"வளையலடா. நீதான் சின்னதாத் தெரியுற!"