தள்ளி ஏற்ற வேண்டிய கார்

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டேன். சனிக்கிழமை காலை சமையலறையில் அக்கா அத்தானிடம் சொன்னாள்: "திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து. போட்டா பொய். போடலைன்னா வேலை போயிடும்." நல்ல தொடக்கம் என்று உடனே பேனாவைத் தேடினேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

[ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் அந்தக் கார் நகராமலே நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து—]

வேண்டாம். நேராகச் சொல்கிறேன். கார்களின் புகையையும் மைலேஜையும் அளப்பது அக்காவின் வேலை. இந்தக் கார் இரண்டு நாடுகளுக்குப் போகிறது. விதிகள் இளகிய நாட்டுச் சோதனையில் லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர். கறாரான நாட்டுச் சோதனையில் வேகமும் தூரமும் அதிகம், அதனால் பதினேழு. ஒரே கார், ஒரே பெட்ரோல், மிதிப்பதும் அக்காவின் அதே கால். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அந்தக் கார் நன்றாகவே படித்திருக்கிறது.

3

புகையிலும் இதே கதைதான். இளகிய நாட்டில் முதல் இரண்டு நிமிடப் புகை கணக்கில் வராது, காரை ஓட்டியே உருளைமேல் ஏற்றலாம். கறாரான நாட்டில் சாவியைத் திருகிய நொடியிலிருந்து கணக்கு. பன்னிரண்டு மணி நேரம் ஆறவைத்த காரை நாலு பேர் கையால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும்.

மூன்று மாதமாக இளகிய நாட்டுக்கே சோதித்த அக்கா, பழக்கதோஷத்தில் கறாரான நாட்டுச் சோதனைக்கும் ஓட்டியே ஏற்றிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் கக்கும் மோசமான முதல் புகை அளவியில் ஏறாமலே போயிற்று. வரம்பு கிலோமீட்டருக்கு அறுபது மில்லிகிராம், வந்தது ஐம்பத்தெட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை கையெழுத்து அந்தச் சோதனை அறிக்கையில்தான்.

(இங்கே "வேண்டுமென்றே" என்று ஒரு சொல் எழுதி அடித்தேன். கதை சூடு பிடிக்க, கூடப் பிறந்தவளையே குற்றவாளியாக்கப் பார்த்திருக்கிறேன்.)

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். மறுசோதனையில் கார் தோற்கிறது. மேலாளர் அவளை...

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போகிறது. அந்த நாட்டில் காலைதோறும் ஆயிரம் பேர் சாவியைத் திருகுகிறார்கள். அந்த முதல் புகையை மூச்சில் இழுப்பவர்கள்...

இரண்டையும் முடிக்க எனக்குப் பயமாக இருந்தது.

5

அக்கா பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"என்னடா இது?"

"கதைக்கா. பேர் எதுவும் போடல."

"பேர் எதுக்கு? எங்க லேப்ல ஒருத்தர் படிச்சா போதும், நான்தான்னு தெரிஞ்சிடும்."

"கிழிச்சிடவா?"

"நான் கேட்டா கிழிச்சிடுவியா?"

"இப்பவே."

தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப கேக்க மாட்டேன். நம்ம வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்சா நான் எப்படியாவது சமாளிச்சுக் கையெழுத்துப் போட்டுடுவேன்டா. என்னை எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்குள்ள வெளியில ஒருத்தராவது இதைப் படிக்கணும்."

"முடிவு?"

"அதை நீ எழுதாதே."

அன்றே ஓர் இணைய இதழுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது நீங்கள் படித்துவிட்டீர்கள். உங்களை அவளுக்குத் தெரியாது. ஆனால் பேனாவைத் திறக்கும்போது, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.