கடைசியாகப் பூட்டுகிறவர்

மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாத நேரத்தில், பத்தொன்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் தன் வீட்டுக் கதவைப் பூட்ட முடியாமல் தெருவில் நின்றது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. சாவி கையில் இருந்தது. கதவிலும் கோளாறு கிடையாது. பூட்டுவதற்கு ஆள்தான் இல்லை.

இது ஏன் கஷ்டமான காரியம் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வீடு உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு பஸ் போகிற சாலையை ஒட்டி இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். அளந்து பார்த்ததில் புதுச் சாலையின் ஓரம் வீட்டுக் கூடத்தின் நடுவே போனது. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும், பொங்கல் கழிந்ததும் ஜேசிபி வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஏரிப் பக்கம் இருந்த சொந்த நிலத்தில் புது வீடு எழும்பி வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் எந்த அறை யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் நால்வரும் பேசி முடிப்பதற்குள் கார்த்திகை தீரப்போனது. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள்.

இதற்கு மூத்தவர் வேதாசலம் ஒரு வழி கண்டுபிடித்தார். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் எல்லோரும் புது வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சினார்கள். ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். பிறகு பசிக்கிறது என்று பழைய வீட்டுக்கே திரும்பி வந்து சாப்பிட்டார்கள். சாஸ்திரப்படி அன்று முதல் அவர்கள் புது வீட்டில் குடியிருக்கிறார்கள். பழைய வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்து தங்கியிருக்கிறார்கள். வேதாசலத்தின் மனைவி தேவகி பால்காரனிடம்கூட, “நாங்களே விருந்தாளிங்கப்பா, கொஞ்சம் சேத்து ஊத்து” என்றாள். ஆகவே மார்கழியில் இப்போது நடப்பது குடிபோவது ஆகாது. விருந்தாளிகள் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். திரும்பும்போது பீரோ, கட்டில், கிரைண்டர், நெல் மூட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகிறார்கள், அவ்வளவுதான்.

கொண்டுபோவதிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. சுவிட்சுகளைக் கழற்றினார்கள். துணி காயப்போடும் கம்பியைச் சுருட்டினார்கள். சுவரில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கி, வளைந்ததை நிமிர்த்தி, டப்பாவில் போட்டார்கள். குழாய்களை முந்தின நாளே கழற்றிவிட்டதால் அன்று காலை யாரும் குளிக்கவில்லை. அந்தப் பனியில் அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை.

மிச்சம் இருந்தது கதவைச் சாத்திப் பூட்டுவது. அங்கேதான் தேவகி எல்லோரையும் நிறுத்தினாள்.

“காலி வூட்டுல மூதேவி வந்து குந்திக்குவா. தொறந்துபோட்டுட்டுப் போனா நம்ம பின்னாடியே வண்டி ஏறிடுவா. சாத்திப் பூட்டணும். ஆனா கடசியா பூட்டுறவங்க மூஞ்சிய அவ நல்லா பாத்து வெச்சிக்குவா. அவங்கள வுடவே மாட்டா.”

யாரும் இதற்கு ஆதாரம் கேட்கவில்லை. ஆதாரம் அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. முந்தின தலைமுறையில் அவர்கள் ஊருக்குள் இருந்த வீட்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது, கடைசியாகப் பூட்டியது வேதாசலத்தின் சித்தி வளர்மதி. அதற்குப் பிறகு நடந்த எதுவும் தானாக நடக்கவில்லை. கிணற்று மோட்டார் கருகியது வளர்மதியால். பசு செத்தது வளர்மதியால். வேதாசலம் ஊராட்சித் தேர்தலில் தோற்றதும், கடைசித் தம்பி மோகன் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் விழுந்ததும் அவளால்தான். மோகன் அன்று பரீட்சைக்குப் போகாமல் செங்கல்பட்டில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

வளர்மதி படுத்த படுக்கையாக இருந்த கடைசி வருஷங்களில் அவளைப் பார்த்துக்கொண்டவள் மோகனின் மனைவி கனகா. “சாவியத் திருப்பினது ஒரு நொடிதான்டி. பேச்சு வாங்கினது சாவற வரைக்கும்” என்று கிழவி அவளிடம் சொல்லியிருந்தாள். கிழவி போன பிறகு அந்த இடம் காலியாகவே இருந்தது. வீட்டில் ஒரு தட்டு உடைந்தால்கூட யாரைச் சொல்வது என்று குழம்பினார்கள். புது வீட்டுக்கு ஒரு புது ஆள் தேவை. வீட்டின் கடைசி மருமகளான கனகாவுக்கு இது நன்றாகத் தெரிந்தது. இன்று அந்தச் சாவி தன் கைக்கு வந்தால், இனி அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் தன் பெயர்தான் அடிபடும் என்று அவள் அறிந்திருந்தாள். ஆகவே மூட்டை கட்டும்போதும் அவள் கண் சாவி மேலேயே இருந்தது.

முதல் யோசனையை மோகன் சொன்னான்.

“எல்லாரும் ஒண்ணா பூட்டிட்டா இன்னா? மூதேவி யாருன்னு பாப்பா?”

நான்கு சகோதரர்களும் சேர்ந்து சாவியைப் பிடித்தார்கள். சாவி என்பது ஒரு கட்டைவிரலுக்கும் ஓர் ஆள்காட்டி விரலுக்கும் அளவெடுத்துச் செய்த பொருள். நான்கு பேர் பிடித்தால் ஒவ்வொருவரும் தன் பக்கம் திருப்புவார்கள். எல்லாத் திருப்பும் சேர்ந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சாவி அசையவில்லை. மூன்றாவது தம்பியின் விரல் நசுங்கியது. “மெதுவாடா, சாவிய ஒடச்சிடப் போற!” என்று வேதாசலம் கத்தினார். “வெரலு ஒடஞ்சா பரவாயில்லியா?” என்றார் மூன்றாமவர்.

“காத்து வந்து சாத்திட்டா?” என்றான் மோகன். “யாரும் கை வெக்க வேணாம். சாத்திக்கினா தானா பூட்டிக்கிற பூட்டு உத்திரமேரூர்ல விக்கிறான். நான் நேத்தே ஒண்ணு வாங்கியாந்து வெச்சிக்கீறேன்.”

அவன் பழைய பூட்டை எடுத்துவிட்டு அதை மாட்டியதும், எல்லோரும் தெருவுக்கு வந்து காற்றுக்காகக் காத்திருந்தார்கள். குரங்குக் குல்லா போட்ட நான்கு ஆண்கள், தலையில் துண்டு சுற்றிய பெண்கள், போர்வைக்குள் பிள்ளைகள். ஆறரை மணி பஸ்ஸில் போனவர்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

காற்று வரவில்லை. பனி இறங்குகிற காலையில் காற்று இருக்காது. காற்று இருந்தால் பனி நிற்காது. அது மட்டுமில்லை, அந்தக் கதவு காற்றுக்கு அசைகிற கதவும் இல்லை. தேக்கில் செய்த இரட்டைக் கதவு. அதற்குக் கீல் கிடையாது. ஒவ்வொரு கதவிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று துருத்திக்கொண்டு ஒரு கட்டை இருக்கும். அதற்குக் குடுமி என்று பெயர். மேல் குடுமி நிலைச் சட்டத்தின் தலைக்கட்டையில் உள்ள குழியிலும், கீழ்க் குடுமி வாசற்படிக் கட்டையில் உள்ள குழியிலும் உட்கார்ந்திருக்கும். கதவின் மொத்த எடையும் அந்தக் கீழ்க் குழியில்தான் இறங்குகிறது. இடுப்பைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். குடுமிகள் இப்படி மேலும் கீழும் மாட்டிக்கொண்டிருப்பதால் நிலையைப் பெயர்க்காமல் கதவைத் தனியாகக் கழற்றவும் முடியாது. ஆணிவரை பிடுங்கிய குடும்பம் கதவை மட்டும் விட்டுவைத்ததற்கு அதுதான் காரணம்.

“மழக்காலத்துலயே அசையாது இது” என்றாள் தேவகி. “வேற ஆளு பாருங்க.”

வேற ஆள் என்றதும் எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் குட்டியானை வண்டியின் பக்கம் திரும்பியது. வண்டியின் சொந்தக்காரர் அருள்தாஸ் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு வேற சாமி” என்று தேவகி தணிந்த குரலில் சொன்னாள். “மூதேவிக்கு அவங்கள அடையாளம் தெரியாது.”

வேதாசலம் தொண்டையைச் செருமினார். அருள்தாஸின் அப்பா அவரிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் எஜமான் என்ற பொருளில் ‘ஆண்டே’ என்று முடிப்பார். வேதாசலம் அந்தப் பெரியவரை ஒருமையில்தான் கூப்பிடுவார். இப்போது அவர் குரலில் யாரும் கேட்டிராத ஒரு குழைவு வந்தது.

“தம்பி! அருள்தாசு! ஏன்பா பனியில நிக்கிற? உள்ள வா, உள்ள வா. குந்து.”

உட்கார உள்ளே எதுவும் இல்லை. வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கினார்கள். அதைக் கொஞ்ச நேரம் முன்னால் ஏற்றியவரே அருள்தாஸ்தான். கூடத்தின் நடுவே போட்டு மோகன் துண்டால் துடைத்தான்.

அருள்தாஸ் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“இன்னா சார் விசேசம்?”

“ஒண்ணுமில்ல தம்பி. நாங்க முன்னால போறோம். நீ கொஞ்ச நேரம் குந்தி ரெஸ்ட் எடுத்துட்டு, வரும்போது அப்படியே கதவச் சாத்திக்கினு வந்துடு.”

“நான் குந்திக்கினு கீறேன்னா வண்டிய யாரு ஓட்டுவா சார்?”

இதை யாரும் யோசிக்கவில்லை.

“எங்க நைனா நாப்பது வருசம் உங்க கயனில சேத்துல கெடந்தாரு” என்றார் அருள்தாஸ், சிரித்துக்கொண்டே. “ஒரு நாளு இந்தப் படியத் தாண்டினது இல்ல. அப்ப உள்ள வராதன்னீங்க. இப்ப என்னாண்ட, உள்ளேர்ந்து வெளிய வராதன்றீங்க. ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்க சார். போற வழியில டயர் பஞ்சர் ஆனாக்கூட அதுவும் என் தலையிலதான் வியும்.”

அவர் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைக்க ஆரம்பித்தார். நாற்காலியைத் திரும்பவும் ஏற்றினார்கள்.

பிறகு தேவகி கனகாவின் தோளில் கை வைத்தாள். கனகாவின் கல்யாணத்தன்று வைத்த கை அது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

“கனகா, கண்ணு. கூடத்துல ஆளுங்க நடந்து மண்ணா கீது பாரு. ஒரு தரம் பெருக்கிட்டு வந்துடுறியா? நாங்க போய் வண்டியில ஏறிக்கினு இருக்கோம். சாவி கதவுலயே கீது.”

கனகா புருஷனைப் பார்த்தாள். மோகன் குரங்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அவள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முடியாது என்று சொன்னால், மாட்டேன் என்றவள் என்கிற பெயர் வரும்; அதுவும் பூட்டியவள் என்கிற பெயரைப் போலத்தான் ஒட்டிக்கொள்ளும். ஜேசிபி வந்து இடிக்கப்போகிற தரையை அவள் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே வாசல்வரை வந்தாள். வெளியே எல்லோரும் அவசர அவசரமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வளர்மதி சித்தியையும் இப்படித்தான் பெருக்கச் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தக் குடும்பத்தை எந்தப் பேச்சு நிறுத்தும், எந்தப் பேச்சு நிறுத்தாது என்பது அவளுக்குத் தெரியும். “நான் மாட்டேன்” என்றால் நிறுத்தாது.

“மாமா” என்று வேதாசலத்தைக் கூப்பிட்டாள். “ஒரு சந்தேகம்.”

“பெருக்கிட்டியாம்மா?”

“பெருக்கிட்டேன். இந்தக் கதவு யாருக்கு?”

யாருக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் சகோதரர்கள் நால்வரும் திரும்பினார்கள்.

“யாருக்குன்னா? அது வூட்டோட கீது.”

“வூடு ஜேசிபிக்குப் போவுது. அப்ப கதவு ஜேசிபிக்காரனுக்கா மாமா? தேக்காச்சே.”

இரண்டாவது தம்பி வண்டியிலிருந்து குதித்தார். மூன்றாமவர் நசுங்கிய விரலோடு இறங்கினார். வேதாசலம் கதவருகே வந்து, அதை முதல் தடவை பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தார்.

“கழட்ட வராதே. நிலையோடதான பேக்கணும்?” என்றார்.

“செவுத்த இடிச்சா வரும். எப்படியும் இடிக்கிற செவுருதான” என்றாள் கனகா.

தேவகி பதறிக்கொண்டு இறங்கினாள். “கதவ எடுத்துட்டா எதச் சாத்துறது? அவ நேரா நம்மகூட வந்துடுவா!”

“அக்கா, இந்த வூட்டுக்கு எப்ப பூஜ போட்டாங்க? செவுரு எயுப்பினப்பவா, நிலை வெச்சப்பவா?”

“நிலை வெச்சப்பதான்.”

அது உண்மை. வீடு கட்டும்போது நிலை நிறுத்துகிற நாளைத்தான் நாள் பார்த்துக் குறிப்பார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழியில் நவதானியம் போட்டு, சுமங்கலிகள் கை வைத்து நிறுத்துவார்கள். அதுவரை அது செங்கல் வேலை. அதற்குப் பிறகுதான் வீடு.

“நிலைய வெச்சப்ப வூடு ஆச்சுன்னா, எடுத்துட்டா இது வூடு இல்லியே” என்றாள் கனகா. “வெறும் செவுரு. மூதேவி குந்துறது காலி வூட்டுலன்னுதான சொன்னீங்க? வூடே இல்லன்னா எதுல குந்துவா? எதப் பூட்டுறது?”

தேவகி இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். யோசித்தபோது அவள் கண் தேக்கின் மேல் இருந்தது.

“அதுவும் வாஸ்தவந்தான்” என்றாள்.

கடப்பாறை நெல் மூட்டைக்கு அடியில் இருந்தது. இறக்கினார்கள். நிலையின் இரண்டு பக்கமும் சுவரைப் பிளந்தார்கள். நிலைக்கு மேலே சுவரைத் தனியாக ஒரு கல் பலகை தாங்கிக்கொண்டிருந்ததால் எதுவும் சரியவில்லை. கதவு மாட்டியபடியே நிலை அசைந்து வந்தது. நால்வரால் தூக்க முடியவில்லை. அருள்தாஸும் பெண்களும் கை கொடுத்தார்கள். கனகா துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்க்கட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் கட்டிலின் மேல் படுக்கவைத்து, தார்ப்பாயை மூடிக் கட்டினார்கள். பூட்டு கதவிலேயே இருந்தது. சாவியும் அதிலேயே இருந்தது. சாத்துவதற்கு அங்கே கதவு இல்லாததால் யாரும் கடைசியாகப் பூட்டவில்லை.