பட்டாளத்துக் கம்பளிக்குள் இட்லி மாவு

பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? மார்கழி விடியலில் தாதர் மார்க்கெட்டுக்குப் போகும்போது தலையில் ஒரு மஃப்ளர் சுற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த மஃப்ளர் ஞானத்தை நம்பித்தான் ஷ்யாமளா 1944-ம் வருஷக் கடைசியில், கல்யாணத்து மஞ்சள் கயிறு வெளுப்பதற்குள், சிம்லாவுக்கு ரயிலேறினாள். புருஷன் திருவேங்கடத்துக்குப் பட்டாளத்துக் கணக்கு ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். யுத்தம் அவனை பம்பாயிலிருந்து தூக்கி மலை உச்சியில் உட்கார வைத்துவிட்டது.

"நீ அம்மாவோட இரு. யுத்தம் முடிஞ்சதும் வந்துடறேன்" என்றான் அவன்.

இருப்பதாவது! மாட்டுங்கா வீட்டில் இரண்டே ரூம். அதற்குள் மாமியார், மாமனார், மூன்று ஓரகத்திகள், அவர்கள் பெற்ற செல்வங்கள். புருஷனோடு ரகசியமாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் கிங்ஸ் சர்க்கிள் வரை காலாற நடக்க வேண்டும். ஷ்யாமளா ட்ரங்குப் பெட்டியில் ஆட்டுக்கல்லை வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தப் பெட்டியைத் தூக்கிய போர்ட்டர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் ஏழு தலைமுறையையும் ஹிந்தியில் வாழ்த்தினார்கள்.

சிம்லாவில் இறங்கினால், அடேயப்பா! கூரை வெள்ளை, மரம் வெள்ளை, ரோடு வெள்ளை. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் பாறையாகிவிட்டது. புடவைக்குள் புருஷனுடைய பைஜாமா, அதற்குமேல் அவனுடைய காலுறை, அதற்குமேல் அவனுடைய கோட்டு என்று ஷ்யாமளா உருண்டு திரண்டு பலாப்பழம் மாதிரி தெருவில் நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொன்னது. வழுக்கினாள், விழுந்தாள், எழுந்து சிரித்துவிட்டு மறுபடி விழுந்தாள். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காரணம் ரொம்ப சுலபம்: ஒரே ரூம், ஒரே ரஜாய்ப் போர்வை, ஒரே புருஷன்.

அந்த சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. கர்னலின் மனைவி மிஸஸ் பென்ரோஸ் ஒரு நாள் குவார்ட்டர்ஸ் பெண்களையெல்லாம் கேன்டீனுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒட்டகம் மாதிரி உயரம், வெண்கல மணி மாதிரி குரல்.

"நிலக்கரி இல்லை. விறகு இல்லை. பட்டாளத்துக்கு உபயோகமில்லாதவர்கள் யாரும் குளிர்காலத்தில் இங்கே இருக்க முடியாது. சனிக்கிழமை ரயிலில் கீழே இறங்கிவிட வேண்டும்" என்றாள்.

மற்ற பெண்கள் ஏற்கெனவே ஜவான்களுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஷ்யாமளாவும் ஒன்று பின்னியிருந்தாள். அதற்குள் யார் காலும் நுழையவில்லை. கடைசியில் டீ கெட்டிலுக்கு மாட்டிவிட்டாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று மிஸஸ் பென்ரோஸ் கேட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஷ்யாமளா மாட்டுங்கா ஸ்கூலில் படித்த இங்கிலீஷை ஒன்று திரட்டி, "இட்லி! பட்டாளத்துக்கே என்னால் இட்லி செய்து போட முடியும்!" என்று சொல்லிவிட்டாள்.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஹவில்தார் கணேசபாண்டியனின் கையிலிருந்து மக் கீழே விழுந்தது. ரோட்டில் பனி வெட்டித் தள்ளுவதற்காக வந்திருந்த மதராஸ் பட்டாளக் கம்பெனிக்காரன் அவன். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம், தாராவியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன்.

"எம்மா, இட்லின்னா சொல்லுதீய?" என்று எழுந்தே விட்டான். "எங்க வீட்டுல தீவாளிக்குத்தாம்மா இட்லி. மாட்டுங்கா ஓட்டல் வாசல்ல நின்னு வாசனை பிடிச்சிருக்கேன், அம்புட்டுதான். இங்க பஞ்சாபிச் சமையக்காரன் சப்பாத்தியா போட்டு எங்க நாக்கைக் கொன்னுட்டான். எங்க பயலுவ கேட்டா அழுதுருவானுவ!"

மிஸஸ் பென்ரோஸ் ஹவில்தாரின் முகத்தைப் பார்த்தாள். "நல்லது. சனிக்கிழமை காலை இட்லி போடு. பட்டாளம் வயிறாரச் சாப்பிட்டால் நீ இருக்கலாம். இல்லையென்றால் மத்தியானம் ரயில்" என்றாள்.

அரிசியும் உளுந்தும் பட்டாளத்து ஸ்டோரிலிருந்து வந்தன. ஷ்யாமளா முதலில் கொஞ்சமாக ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, மாட்டுங்காவில் செய்கிற மாதிரியே அடுக்களை மூலையில் மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் மூடியைத் திறந்து விரலை விட்டாள். விரல்தான் வலித்தது. மாவு ஆட்டுக்கல்லுக்குத் தம்பியாகக் கிடந்தது.

"பேசாம பெட்டியைக் கட்டு. இந்த ஊர்ல தண்ணியே நகர மாட்டேங்கறது, மாவு எங்கேர்ந்து பொங்கும்?" என்றான் திருவேங்கடம்.

ஷ்யாமளாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் வீட்டு இரண்டு ரூமும் கண்முன் வந்து நின்றன. அன்றைக்கு ராத்திரி என்ன தோன்றியதோ, புது மாவை ஒரு தூக்கில் ஊற்றி மூடி, தூங்கிவிட்ட புருஷனின் முதுகுக்குப் பின்னால் ரஜாய்க்குள் செருகிவிட்டாள்.

விடியற்காலையில் திருவேங்கடம் அலறிக்கொண்டு எழுந்தான். "ஐயோ, முதுகெல்லாம் ஈரம்! என்னடீ இது?"

ஷ்யாமளா மோந்து பார்த்தாள். புளிப்பு! அமிர்தமான புளிப்பு! "பொங்கிடுத்துன்னா! பொங்கிடுத்து!" என்று அவனை அப்படியே கட்டிக்கொண்டாள். மாவும் சேர்ந்து கட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு புருஷனின் முதுகு ஒரு கம்பெனிக்குப் போதுமா? போதாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நேரே ஜவான்கள் தங்கும் பாரக்ஸுக்குப் போய்க் கணேசபாண்டியனைக் கூப்பிட்டாள்.

"உங்க ஜவான்கள் எல்லாரும் தண்ணி பாட்டிலைக் காலி பண்ணிண்டு வரணும். மாவு ஊத்தித் தரேன். கம்பளிக்குள்ள, வயித்தோட அணைச்சுண்டு தூங்கணும். பாதிதான் ஊத்தணும், பொங்கும்."

"அச்சா! புள்ளையப் போட்டுத் தூங்குத மாதிரி தூங்கிருவோம்மா" என்றான் அவன்.

திருவேங்கடம் அவளை ஓரமாக இழுத்தான். "மாட்டுங்கா மாமிகளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? பட்டாளத்துக்காரா படுக்கையில புளிச்ச மாவு! ஆசாரம் என்னத்துக்கு ஆச்சு?"

"ஆசாரமும் தேங்காயெண்ணெய் மாதிரி உறைஞ்சு போயிடுத்து. உருகினப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் ஷ்யாமளா.

ஆட்டுக்கல்லை ஜவான்கள் முறை போட்டுக்கொண்டு ஆட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. பாதி பாட்டிலுக்கு எத்தனை இட்லி வரும் என்று அந்தப் பையன்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டார்கள். கணக்கு வயிற்றுக்குப் போதவில்லை. அவள் தலை மறைந்ததும் அத்தனை பேரும் கழுத்து மட்டும் நிரப்பி, கார்க்கை இறுக்கி அடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆசை யாரை விட்டது?

சனிக்கிழமை விடிந்தது. ஷ்யாமளா கேன்டீனில் கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைத்து, தட்டுகளில் ஈரத்துணி கட்டிக் காத்திருந்தாள். மாவு வரவில்லை. அதற்குப் பதில் பியூகிள் சத்தம் வந்தது. கர்னல் பென்ரோஸுக்கு அன்றைக்கென்று பார்த்துத் திடீர் பரேடு வைக்கத் தோன்றிவிட்டது. கோட்டு, துப்பாக்கி, தண்ணி பாட்டில் சகிதம் எல்லாரும் உடனே மைதானத்தில் நிற்க வேண்டுமாம். பாட்டிலைக் காலி பண்ணக்கூட அவகாசமில்லை.

ஷ்யாமளா கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். கம்பெனி சிலை மாதிரி நின்றது. கர்னல் மீசையை முறுக்கிக்கொண்டு முதல் வரிசையில் நடந்து வந்தார். கணேசபாண்டியனுக்கு முன்னால் வந்து நின்றார்.

டப்!

ஹவில்தாரின் கார்க் கர்னலின் காதோரமாகப் பறந்தது.

"சுட்டது யார்?" என்று கத்தினார் கர்னல்.

டப்! டப், டப், டப்! முதல் வரிசை வெடித்தது, இரண்டாவது வரிசை வெடித்தது. தீபாவளிச் சரம் தோற்றது போங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் மாவு வெள்ளையாக நுரைத்து வழிந்து பூட்ஸ் வரைக்கும் இறங்கியது. அசைந்தால் தண்டனை என்பதால் ஒருத்தன்கூட அசையவில்லை. கர்னலின் மீசையிலேயே ஒரு திட்டு மாவு உட்கார்ந்துகொண்டது.

"ஹவில்தார்! என்ன இது?"

கணேசபாண்டியன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். "இன்னைக்குக் காலை நாஷ்தா, சாப்! இட்லி!"

ஷ்யாமளாவுக்கு உயிர் போய்விட்டு வந்தது. ரயில் மத்தியானம், பெட்டியை இப்போதே கட்டலாம் என்று நினைத்தாள். ஆனால் பட்டாளத்துக்கு யோசிக்க ஏது நேரம்? பரேடு கலைந்ததுதான் தாமதம், மிச்ச மாவையெல்லாம் பாட்டிலிலிருந்து தட்டித் தட்டிக் கொப்பரைத் தட்டில் ஊற்றிவிட்டார்கள். ஆவி வந்தது. மூடியைத் திறந்தபோது கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. பஞ்சு! மிளகாய்ப் பொடியும் உருக்கிய நல்லெண்ணெயும் போட்டுக்கொண்டு ஜவான்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் பேச்சே இல்லை. ஒரு பையன் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பினான். இன்னொருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனுடைய இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டான்.

மீசையைத் துடைத்துக்கொண்டு வந்த கர்னல் ஒன்று சாப்பிட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் உத்தரவு போட்டார்: இனி எந்தச் சிப்பாயும் மாவோடு படுக்கக் கூடாது.

மிஸஸ் பென்ரோஸ் ஷ்யாமளாவின் தோளில் தட்டினாள். "நீ கண்டிப்பாக இங்கே இருக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் இட்லி."

ஷ்யாமளாவுக்குத் தலை கிறுகிறுத்தது. கரண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றி முடித்தபோது வாசலில் திருவேங்கடம் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். தலையெல்லாம் பனி.

"ஷ்யாமு, பெட்டியைக் கட்டு! ஆபீஸை பம்பாய்க்கு மாத்திட்டா. எல்லா குமாஸ்தாவும் இன்னைக்கு ரயில்லயே இறங்கணுமாம்!"

பார்த்தீர்களா அநியாயத்தை! யாரோடு இருக்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டாளோ, அவனையே ரயிலேற்றுகிறார்களாம். கூடப் போனாலோ மறுபடி அந்த இரண்டு ரூம்தான். ஷ்யாமளா விறுவிறுவென்று போய் மிஸஸ் பென்ரோஸின் முன்னால் நின்றாள். "என் புருஷனும் இங்கேதான் இருக்க வேண்டும்" என்றாள்.

"அவரால் பட்டாளத்துக்கு என்ன உபயோகம்? ரொட்டி சுடுவாரா?"

"மாட்டார்."

"பின்னுவாரா? பனி வெட்டுவாரா?"

ஷ்யாமளா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பாவம், பி.ஏ. படித்தவன். அவனுக்கு அதெல்லாம் எங்கே வரும்? முகம் சூடாகி, காது சூடாகி, அந்தப் பனியிலும் அவளுக்கு வியர்த்தது. கம்பெனி முழுக்க இட்லியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சொல்லிவிட்டாள்.

"சிப்பாய்கள் மாவோடு படுக்கக் கூடாது என்று உத்தரவு. அப்புறம் மாவு எப்படிப் பொங்கும்? இவர் பக்கத்தில் வைத்தால்தான் பொங்கும். இவர்... ரொம்பக் கதகதப்பு."

கணேசபாண்டியன் ஆரம்பித்த விசிலில் கூரைப் பனி சரிந்து விழுந்தது. மிஸஸ் பென்ரோஸின் முகம் ஷ்யாமளாவைவிடச் சிவந்துபோயிற்று. "கேன்டீனில் விசேஷ வேலைக்கு ஒரு ஆள் தேவை" என்று கர்னலைப் பார்த்துச் சொன்னாள். கர்னல் இட்லி நிறைந்த வாயோடு தலையாட்டினார். திருவேங்கடத்துக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் இல்லை என்று அவன் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் திருவேங்கடம், பி.ஏ., சர்க்கார் உத்தரவுப்படி விளக்கு வைத்ததுமே படுத்துக்கொண்டான். நடுவில் மாவுக் குடங்கள், இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் அவள்.